பதினோரு வருட சூப்

அந்த உணவகத்தில் பன்னிரண்டு மேஜைகள், நாலு சப்ளையர்கள், ஒரு மாஸ்டர், ஒரு முதலாளி. புதிதாக உள்ளே நுழைகிறவர்கள் முதலாளி யார் என்று தேடவே மாட்டார்கள். தோளில் வெள்ளைத் துண்டு, முகத்தில் ‘எல்லாம் எனக்குத் தெரியும்’ என்கிற களை, இரண்டோடும் ஹாலின் நடுவில் ஒருவர் நிற்பாரே, அவர்தான் என்று நினைத்து வணக்கம் வைத்துவிடுவார்கள். அவரும் ஏற்றுக்கொள்வார். உண்மையில் அவர் இருபத்தெட்டு வருடமாக அங்கே தட்டு தூக்குகிற சப்ளையர். எல்லோருக்கும் அவர் சீனியர். அவருடைய மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சீனியருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொள்கை என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், வீம்பு என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். வாடிக்கையாளரிடம் ‘என்ன வேணும்?’ என்று அவர் கேட்க மாட்டார். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் மட்டும் காது கொடுப்பார், அதுவும் பாதி வாக்கியம் வரைக்கும்தான். அதோடு சரி. அந்த மனிதர் அடுத்த தடவை வந்து நாற்காலியை இழுக்கும்போதே, முதல் நாள் சாப்பிட்டது எதுவோ அது அவர் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் அவர் ஆயுசுக்கும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தாலும் பிரயோஜனம் கிடையாது.

“கேட்டுட்டுக் கொண்டு வர்றதுக்கு சப்ளையர் எதுக்கு? தபால்காரர் போதுமே!” என்பார். “ஆளைப் பார்த்ததும் தெரியணும். அதுக்குப் பேருதான் சர்வீஸ்.”

சாப்பாடு மட்டுமா? ஆளையும் அவரே முடிவு செய்துவிடுவார். இரண்டாம் மேஜைக்கு வருகிற கண்ணாடி போட்ட அம்மாவை டீச்சர் என்றார். ஒன்பதாம் மேஜைக்காரரின் மீசையைப் பார்த்துப் போலீஸ் என்றார். அந்த அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், இந்த மனிதர் எந்த ஸ்டேஷன் என்று கேட்டால் முறைப்பார். “முகத்துல எழுதியிருக்குதே, அப்புறம் என்ன கேள்வி?” என்பார். மற்ற சப்ளையர்களும் நமக்கு எதற்கு வம்பு என்று டீச்சர், போலீஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவிக்குத் துணி எடுப்பதென்றால் கடைக்கு அவர் மட்டும் போவார். எடுப்பது எப்போதும் பச்சை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் பச்சைத் துணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாளாம், அதைப் பார்த்துவிட்டாராம். அவளும் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் கடைக்காரரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தாள். அவர் இன்று வாங்கி வருவதை அவள் நாளைக்குக் கொண்டு போய் மாற்றிக்கொள்வாள். நீலமும் ஊதாவுமாக அவள் உடுத்திக்கொண்டு நடமாடுவது சீனியரின் கண்ணில் பட்டதே இல்லை. ‘நான் எடுத்த துணி எவ்வளவு நல்லா இருக்கு பார்!’ என்று நாலு பேரிடம் வேறு சொல்லிக்கொள்வார்.

இத்தனை பெருமைக்கும் சிகரம் ஒருவர் இருந்தார். நாலாம் மேஜை, ஜன்னல் ஓரம். ஜன்னல் சார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தார் அவர். பேசவில்லை. தொண்டையையும் நெஞ்சையும் தடவிக் காட்டினார். மெனு அட்டையில் காய்கறி சூப்பின் மேல் விரல் வைத்தார். மிளகு டப்பாவைக் காட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான், சீனியருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வயிற்றுப் புண். ரிட்டையர் ஆன தலைமை ஆசிரியர். மனைவி இல்லை, இருந்தால் ஒரு மனிதர் தனியாக வந்து பத்தியச் சாப்பாடு சாப்பிடுவாரா? மறுநாள் ஜன்னல் சார் வந்து உட்கார்ந்ததும் மிளகு போடாத சூப், ஓரம் வெட்டிய இரண்டு ரொட்டித் துண்டு, வேகவைத்த பூசணி ஒரு கிண்ணம் எல்லாம் அவர் முன்னால் வந்து இறங்கின. பூசணி சீனியரே பார்த்துச் சேர்த்தது, வயிற்றுக்குக் குளிர்ச்சி.

ஜன்னல் சார் சூப்பைப் பார்த்தார், சீனியரைப் பார்த்தார், கரண்டியை எடுத்தார்.

அன்று தொடங்கியது. வாரத்தில் ஆறு நாள், மத்தியானம் ஒரு மணி, அதே ஜன்னல், அதே சூப். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சாப்பிட்டு முடித்து எழுந்து போகும்போது தலையை ஆட்டுவார், தொண்டைக்குள்ளேயே ‘பரவாயில்ல’ என்பது போல ஏதோ சொல்வார். அந்தத் தலையாட்டலைத்தான் சீனியர் மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார். ஜன்னல் சாரின் பக்கத்தில் போனால் லேசாக மீன் வாடை அடிக்கும். அதற்கும் சீனியர் பதில் வைத்திருந்தார். “மீன் எண்ணெய் மாத்திரை. டாக்டர் எழுதிக் குடுத்திருப்பார். பாவம், உடம்புல என்னென்ன இருக்கோ.”

இப்படியே போயிருந்தால் சீனியர் ரிட்டையர் ஆகும்வரை மெடலோடு இருந்திருப்பார். ஆனால் பழைய முதலாளிக்கு முழங்கால் வலி வந்தது. அவர் வீட்டோடு உட்கார்ந்துவிட, மகள் கடைக்கு வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையோடு வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போன குழந்தைதான், சீனியரை இப்போதும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் கண்ணில் ஒரு தூசி தப்பாது. வந்த மாதமே நாலு சப்ளையர்களுக்கும் ஆளுக்கு ஒரு தொடுதிரை டேப் கொடுத்துவிட்டாள். மேஜைக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும், சொன்னதை டேப்பில் தட்ட வேண்டும். தட்டியது சமையலறைத் திரையில் வரும். திரையில் வராததை மாஸ்டர் சமைக்கக் கூடாது. இதுதான் புது சட்டம்.

மற்ற மூன்று பேருக்கும் கஷ்டமில்லை. அதிலும் கண்டக்டரம்மாவுக்குக் கொண்டாட்டம். அவள் பத்து வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மாவான பிறகு இங்கே வந்து சேர்ந்தவள். ஓடுகிற பஸ்ஸில் நிற்பது மாதிரி காலை அகட்டி நின்று, ஆள் ஆளாக, “உங்களுக்கு? உங்களுக்கு? அங்க ஓரத்துல யாரு, உங்களுக்கு?” என்று கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். அவள் கேட்பதைப் பார்த்தால் சீனியருக்குக் காது கூசும். “மனுஷன் சாப்பிட வர்றானா, பரீட்சை எழுத வர்றானா?” என்று மாஸ்டரிடம் புலம்புவார்.

சீனியர் டேப்பைத் தொடவில்லை. முதல் நாளே அதை ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, வழக்கம்போல தட்டு வாங்குகிற திறப்பு வழியே சமையலறைக்குள் குரல் கொடுத்தார். மாஸ்டர் திரையைக் காட்டினார்.

“வரலையே சீனியர்.”

“நான் சொல்றேன்ல?”

“நீங்க சொல்றீங்க. அது சொல்லலையே. எனக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கு, சீனியர்.”

மூன்றாம் நாள் முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினாள். சீனியர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய் நின்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“அங்கிள், நீங்க ஏன் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டேங்கிறீங்க?”

“தெரிஞ்சதை எதுக்கும்மா கேக்கணும்? கேட்டா இவனுக்கு வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு நினைப்பாங்க.”

“அவங்களுக்கு வேற ஏதாவது சாப்பிடணும்னு தோணாதா?”

“தோணுச்சுன்னா முகத்துல தெரியும்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். “சரி அங்கிள். பார்சல் கவுண்டருக்கு ஒரு ஆள் வேணும். அங்க நீங்க யாரையும் எதுவும் கேக்க வேண்டாம். சீட்டு வரும், பார்த்துக் கட்டிக் குடுத்தா போதும். திங்கக்கிழமையில இருந்து பாத்துக்கறீங்களா?”

சீனியருக்குக் காலடியில் தரை நழுவியது. பார்சல் கவுண்டர் என்பது தெருப் பக்கம் பார்த்த ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகத் தெரிவது கைகள் மட்டும்தான், சில சமயம் ஹெல்மெட். அங்கே யாரும் உட்கார்வதில்லை, யாரும் தலையாட்டுவதில்லை. மேடையில் பாடுகிறவரைக் கூப்பிட்டுத் திரை இழுக்கச் சொல்வது மாதிரிதான் இது. இருபத்தெட்டு வருடம் ஹாலின் நடுவில் நின்றவர், உள்ளே கொதித்தாலும், குரலை இறக்கி ஒரு பந்தயம் வைத்தார்.

“என் கஸ்டமரை நீங்களே கேளுங்கம்மா. நான் கேக்காம வைக்கிறதுல குறை இருக்குன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, நீங்க சொல்லவே வேண்டாம், நானே போய்ப் பார்சல் கட்டுறேன். குறை இல்லைன்னா என்னை ஹால்லயே விட்டுடணும். அந்த டேப்பும் எனக்கு வேண்டாம்.”

“யாரைக் கேக்கலாம்?”

“ஜன்னல் சாரைக் கேளுங்க,” என்றார் சீனியர், வேறு யாரைக் கேட்பது என்பது போல. அவளும் சரியென்று தலையை ஆட்டினாள்.

அன்றைக்கே ஜன்னல் சாருக்கு சூப்பை வைத்துவிட்டு, “நாளைக்கு முதலாளியம்மா உங்ககிட்ட ஒரு விஷயம் கேப்பாங்க சார், கண்டிப்பா வந்துடுங்க,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஜன்னல் சாரின் முகம் வெளுத்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தாரா, கரண்டியை வாய்க்குக் கொண்டு போனாரா என்பது சீனியருக்குத் தெரியாது. அவர் அதற்குள் ஏழாம் மேஜைக்குப் போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் வெற்றியை முன்கூட்டியே கொண்டாடினார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்த சார்கிட்ட நீங்க முன்னாடியே கேட்டுக்கிட்டீங்களா, என்ன சொல்வார்னு?”

“அதை எதுக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியாதா?”

அவள் கத்தியின் சத்தம் கொஞ்சம் கூடியது.

மறுநாள் பன்னிரண்டரைக்கே சீனியர் நாலாம் மேஜையை இரண்டு தடவை துடைத்தார். ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தார். ஒரு மணிக்கு ஜன்னல் சார் வந்தார். தனியாக வரவில்லை. கூடவே நல்ல வாட்டசாட்டமான ஓர் அம்மா, கையில் குடை, முகத்தில் ‘எவன் என்ன கேட்கிறான் பார்க்கிறேன்’ என்கிற உறுதி. ஹோட்டல் முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்றால் இந்த மனிதர் என்ன வில்லங்கம் செய்து வைத்திருக்கிறாரோ என்று பயந்து துணைக்கு வந்தவள் அவள்.

சீனியர் ஒரு நொடியில் கணக்குப் போட்டார். மனைவி இல்லாதவர், ஆகவே அக்கா. அக்கா என்றால் ஒரே ரத்தம், ஆகவே அவருக்கு இருக்கிற வயிற்றுப் புண் இவருக்கும் இருக்கும். இரண்டு நிமிடத்தில் இரண்டு சூப், நாலு ரொட்டித் துண்டு, இரண்டு கிண்ணம் பூசணி. ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்தார். இடது கையில் அடுக்கி வந்த லாவகத்தை ஹாலே பார்த்தது, அதை அவரும் பார்த்துக்கொண்டார்.

“அக்காவுக்கும் அதே பத்தியம்தான்,” என்றார் பெருந்தன்மையாக.

“யாருக்கு யாரு அக்கா?” என்றாள் அந்த அம்மா.

“சாருக்கு…”

“முப்பத்தஞ்சு வருஷமா இவருக்குப் பொண்டாட்டி நான். என்ன தம்பி, பகல்லயே கண்ணு தெரியலையா?”

பக்கத்து மேஜையில் யாரோ தண்ணீரைத் துப்பிக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியம்மாவும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்! கண்டக்டரம்மா கையில் டேப்போடு அவளுக்குப் பின்னால் நின்றாள். மாஸ்டர்கூடச் சமையலறைக் கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா சூப்பைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினாள். பூசணியைப் பார்த்ததும் அவள் புருவம் ஏறியது. புருஷன் பக்கம் திரும்பினாள்.

“இதையா தினம் சாப்பிடுறீங்க? வீட்டுல பூசணிக்காயைக் கண்டா தட்டைத் தள்ளிட்டு எந்திரிப்பீங்களே! அதான் பார்த்தேன். கடையில சாப்பிட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்து மறுபடி ரெண்டு தட்டு உள்ள தள்ளுறாரே, மனுஷனுக்கு என்ன வியாதின்னு நான் டாக்டரை வேற கேட்டேன்!”

ஜன்னல் சார் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மா மெதுவாகக் கேட்டாள். “சார், ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?”

“நல்லா… இருக்கு,” என்றார் அவர், காதில் விழாத குரலில்.

“சத்தமாத்தான் சொல்லுங்களேன்,” என்றாள் மனைவி. “மார்க்கெட்டுல நீங்க கத்துறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது. இங்க மட்டும் என்ன பூனைக்குட்டி மாதிரி?”

“மார்க்கெட்டா?” என்றார் சீனியர். அவருடைய குரல்தான் இப்போது பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

ஜன்னல் சார் நிமிர்ந்தார். பதினோரு வருடமாக மூடியிருந்த வாய் திறந்தது. ஐயோ, அந்தக் குரலை என்னவென்று சொல்ல! மேஜை மேல் இருந்த தம்ளர்கள் அதிர்ந்தன. “தம்பி, கோவிச்சுக்காதீங்க. மீன் மார்க்கெட்டுல ஏலம் விடுறவன் நான். அன்னைக்கு நாலு நாளா கத்தித் தொண்டை கட்டிப் போச்சு. குரலே வரலை. அதான் சூப்பைக் காட்டினேன். மறுநாள் நல்லதா ஏதாச்சும் சாப்பிடலாம்னு வந்தேன். உக்கார்றதுக்குள்ள சூப் வந்துடுச்சு. நீங்க அவ்வளவு ஆசையா வச்சீங்க. எனக்குக் குரலும் இல்லை, வேண்டாம்னு சொல்ல மனசும் வரலை.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமே சார்?” என்றாள் முதலாளியம்மா.

“ஒரு வாரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்மா. விட்டுட்டேன். ஒரு மாசம் ஆயிடுச்சு. அப்புறம் ஒரு வருஷம். ஒரு வருஷம் சாப்பிட்டவன் திடீர்னு எனக்கு இது பிடிக்காதுன்னா நல்லாவா இருக்கும்? இந்த ஜன்னல் காத்து எனக்குப் பிடிக்கும். காலையில இருந்து கத்திட்டு வர்றவனுக்கு இந்த இடம் அமைதியா இருக்கும். சூப்புதான் அதுக்கு நான் குடுக்கிற வாடகைன்னு நினைச்சுக்கிட்டேன்.”

ஹால் முழுக்கச் சிரித்தது. போலீஸ் சிரித்தார், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சீனியரின் முகத்தில் ஈயாடவில்லை. காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்தன. ‘நன்றி கெட்ட மனுஷன்! பதினோரு வருஷம் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தேனே’ என்று உள்ளே ஆத்திரம் பொங்கியது. அடுத்த நொடியே அந்த ஆத்திரத்துக்கும் நிற்க இடமில்லாமல் போனது. மனுஷன் பூசணியைக்கூட விடாமல் தின்றிருக்கிறாரே!

முதலாளியம்மா நல்லவள். அவள் சிரிக்கவில்லை. “அங்கிள், போனது போகட்டும். இப்ப கேளுங்க. அவங்க சொல்றதைக் கொண்டு வந்து வைங்க. பந்தயத்தை மறந்துடலாம்,” என்றாள்.

கையில் ஒரு வாய்ப்பைக் கொண்டு வந்து திணித்தாள் என்றே சொல்ல வேண்டும். சீனியர் தொண்டையைக் கனைத்தார். அந்த மூன்று வார்த்தைகள் அவர் நாக்கில் ஏறவே மறுத்தன. தள்ளி ஏற்றினார்.

“சாருக்கு… என்ன வேணும்?”

ஜன்னல் சாருக்கு வந்ததே ஒரு மலர்ச்சி! மெனு அட்டையை எடுத்துப் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு புரட்டினார். மிளகு தூக்கலாகக் கோழி வறுவல், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஆம்லெட், நாலு ரொட்டி, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். மனைவிக்குக் காளான் குழம்பும் சோறும். “மீன் மட்டும் வேண்டவே வேண்டாம், காலையில இருந்து அதோட மூஞ்சியிலதான் முழிக்கிறேன்,” என்றார். கண்டக்டரம்மா டேப்பை நீட்டினாள். “தட்டிடுங்க அண்ணே.”

சீனியர் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “இங்க இருக்கு.”

பழைய நடையை வலுக்கட்டாயமாக வரவழைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். காதில் இன்னும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது. யார் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு மேஜையாக எண்ணிக்கொண்டே போனார். மாஸ்டர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “சொல்லுங்க சீனியர், இன்னைக்குத் திரை வேண்டாம், நீங்க சொன்னா போதும்,” என்றார். சீனியர் சொன்னார். சொன்னதைத் தானே கேட்டாரா என்பது வேறு விஷயம். ஐந்தாறு நிமிடத்தில் தட்டு நிறைந்தது. இடது கையில் அடுக்கினார், கதவைத் தோளால் தள்ளினார், நாலாம் மேஜைக்கு வந்து வைத்தார்.

மிளகு போடாத சூப். ஓரம் வெட்டிய ரொட்டி. பூசணி.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. சீனியர் திருதிருவென்று விழித்தார். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் கதவருகே இரண்டு கையையும் விரித்தார். “நீங்க அதைத்தான் சொன்னீங்க சீனியர். ஜன்னலுக்கு சூப், மிளகு இல்லாமன்னு. ரெண்டு தடவை கேட்டேன்.” ஊரே மெச்சிய அந்த ஞாபகசக்திக்குப் புதிதாக ஒரு வரி உள்ளே போகவில்லை என்பது சீனியருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜன்னல் சார் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், கரண்டியை எடுத்தார். “பரவாயில்ல தம்பி, இருக்கட்டும், இதையே சாப்பிட்டுக்கிறேன்,” என்றார். பதினோரு வருடமாக மெடல் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தப் ‘பரவாயில்ல’ முழுசாகக் காதில் விழுந்ததும் சீனியருக்கு அழுகை வந்துவிட்டது. மனைவி புருஷன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள்.

“உங்களுக்கு?” என்று கண்டக்டரம்மா முன்னால் வந்து காலை அகட்டி நின்றாள்.

திங்கட்கிழமை யாரும் சொல்லாமலே சீனியர் பார்சல் கவுண்டருக்குப் போய் நின்றுகொண்டார். பந்தயத்தை முதலாளியம்மா மறந்தாலும் அவரால் மறக்க முடியவில்லை. அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் முப்பத்திரண்டு பேரையும் மற்ற மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு வாய்விட்டுக் கேட்டார்கள். ஒரு வாரத்தில் விவரம் வெளியே வந்தது. சீனியர் வைத்ததையே திரும்பக் கேட்டவர்கள் ஒன்பது பேர். டீச்சர் எட்டு வருடமாகக் காபி குடிக்க ஆசைப்பட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள், அவள் டீச்சரும் இல்லை, மருந்துக் கடை வைத்திருக்கிறாள். போலீஸ், தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். ‘தபால்காரர் போதுமே’ என்று அவரை வைத்துக்கொண்டே சீனியர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! மனிதர் ஒரு நாளும் முகம் கோணவில்லை.

கவுண்டர் ஓட்டைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மத்தியானம் ஒரு மணியானால் ஜன்னல் பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்கும். வாயில்லாப் பூச்சி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர் இப்படி ஒரு வாயாடியாக இருப்பார் என்று யார் கண்டார்கள்! மீன் விலையிலிருந்து மாமியார் சண்டை வரை பேசுவார். ஒரு நாள் தட்டில் மிச்சமிருந்த கடைசி ரொட்டித் துண்டை ஏலம் விட்டார். ஒன்பதாம் மேஜை கேட்க, இரண்டாம் மேஜை ஏற்ற, கண்டக்டரம்மா “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று டேப்பால் மேஜையைத் தட்ட, ஹால் அமளிதுமளிப்பட்டது. தடுப்புக்கு இந்தப் பக்கம் சீனியர் ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டே நின்றார். பொறாமை என்றால் பொறாமைதான், அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் ஜன்னல் சார் வீட்டுக்குப் பார்சல் வாங்கக் கவுண்டருக்கு வந்தார். குனிந்து ஓட்டை வழியாக முகத்தைக் காட்டினார். “எப்படி இருக்கீங்க தம்பி?” சீனியர் பொட்டலத்தை நீட்டினார். நீட்டிய கையை எடுக்கவில்லை. பத்து நாளாக நெஞ்சில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார்.

“சொல்ல மனசு வரலைன்னீங்க சார். பதினோரு வருஷமுமா மனசு வரலை? ஒரு தடவைகூடவா சொல்லத் தோணலை?”

ஜன்னல் சார் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார். “சொல்லத் தோணாம என்ன தம்பி? முதல் வருஷம் எத்தனையோ நாள் வாயெடுத்தேன். நீங்க நின்னாத்தானே? வச்ச கையோட திரும்பிடுவீங்க. நான் தொண்டையைச் சரி பண்றதுக்குள்ள முதுகுதான் தெரியும். உங்க முகத்தைவிட முதுகை எனக்கு நல்லா அடையாளம் தெரியும்.” சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். குத்திக்காட்ட வேண்டும் என்று சொன்னவர் இல்லை. அவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

சீனியர் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கதவில் சாய்ந்துகொண்டு ஒன்று விடாமல் சொன்னார். ஆறுதலாக நாலு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

“பார்த்தியா என்ன பேச்சு பேசிட்டுப் போறார்னு! பதினோரு வருஷமா என் முதுகைத்தான் பார்த்தாராம்!”

அவள் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். தலையைத் தூக்கவில்லை.

“அவருக்குப் பதினோரு வருஷம்தானே,” என்றாள்.